ஊசிக்குக் கிடைத்த மரியாதை

செகந்திராபாத் பக்கம் பேகம்பேட்டில் சர்வக்ஷேம நிர்மாண் லிமிடெட் என்ற அரசு நிறுவனம் கட்டடம் கட்டுகிற இடத்துக்குப் போனால், முதலில் கண்ணில் படுவது ஒரு பலகை. கட்டடம் அதற்குப் பின்னால், இரண்டு மாடியோடு நின்று மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறது. பலகைக்கு அந்தத் தயக்கம் கிடையாது. முதல் நாளே வந்துவிட்டது. 'விபத்தில்லா நாட்கள்' என்று மூன்று மொழிகளில் எழுதி, அதன் கீழே, திருப்பத் திருப்ப எண் மாறும் மூன்று தகரத் தட்டுகளைக் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்கு எண் ஒன்று ஏறும். அந்தத் திங்கட்கிழமை 997 ஏறியிருந்தது.

அத்தனை நாளும் விபத்தே நடக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நடந்தது. ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்தார். விழுந்த நேரம் சாப்பாட்டு இடைவேளை என்பதால் அது அவருடைய சொந்த விழுகை என்று தீர்மானமானது. ஒரு வெல்டருக்குக் கண்ணில் பொறி பட்டது. அவருக்கு ஏற்கெனவே கண்ணாடி உண்டு, ஆகவே அது பழைய கண் என்று எழுதினார்கள். இப்படி உழைத்துச் சேர்த்த நாட்கள் அவை. வியாழக்கிழமை ஆயிரம் வரப்போகிறது, டெல்லியிலிருந்து இயக்குநர் வரப்போகிறார். பலகையில் மூன்று தட்டுக்குத்தான் இடம் என்பதைப் போன மாதம்தான் ஒருவர் கண்டுபிடித்தார். நான்காவது தட்டைப் பற்றி மூன்று கூட்டம் போட்டு, கடைசியில் இடது ஓரத்தில் தனியாக ஒரு '1' செய்து தொங்கவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அதற்கு இரண்டு கொக்கி அடித்துக் கொடுத்தவர்தான் நம்முடைய நூர் முகமது.

நூர் முகமது பிளம்பிங் மேஸ்திரி. சொந்த ஊர் கடையநல்லூர். இங்கே வந்து மூன்று வருஷம், வீடு திருமுல்கேரியில். நிறுவனம் போன மாதம் பக்கத்தில் மூடிப்போன நர்சிங் ஹோம் ஒன்றை வாங்கிச் சேர்த்தது. அதன் பழைய குழாய்களைக் கழற்றும் வேலை இவருடைய ஆட்களுக்கு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயைக் கழற்றி, அடைப்பு எங்கே என்று விரலால் துழாவினார். பிளம்பர்களுக்கு அடைப்பைக் கண்ணால் பார்த்து வழக்கமில்லை, விரல்தான் பார்க்கும். அந்த விரல் பார்த்தது ஒரு சிரிஞ்சு ஊசி. யாரோ ஒரு புண்ணியவான் குத்திய ஊசியைக் குப்பைத் தொட்டியில் போடச் சோம்பல்பட்டு பேசினில் போட்டிருக்கிறார். இரண்டு சொட்டு ரத்தம் வந்தது. நூர் முகமது விரலை நன்றாகப் பிழிந்து விட்டு, கைலியில் துடைத்துக்கொண்டார்.

"கையுறை போடலயா பாய்?" என்று கேட்டான் கூட வேலை செய்யும் இர்பான். பூர்வீகம் ஆம்பூர், ஆனால் அவன் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம்.

"எங்கலே இருக்கு கையுறை?"

"கண்ணாடிப் பெட்டில இருக்கில்ல. தினம் காலைல கை தூக்கி சத்தியம் பண்றமே, ரத்தம் பட்ட சாமானை கையுறை இல்லாம தொட மாட்டேன்னு."

"அதுக்கா கை தூக்கினோம்?" என்றார் நூர் முகமது. மூன்று வருஷமாகத் தினமும் காலையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வலது கையை உயர்த்திச் சுத்தமான ஹிந்தியில் உறுதிமொழி சொல்கிறார்கள். அது தேசபக்தி சம்பந்தப்பட்டது என்று அவர் நினைத்திருந்தார்.

இர்பான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். நூர் முகமதுவோ முறைப்படி நடக்கிற மனிதர். பாதுகாப்பு அலுவலகம் என்று ஒன்று இருக்கும்போது அங்கே சொல்லாமல் போவது மரியாதையில்லை என்று சொல்லி, விரலைப் பிடித்துக்கொண்டு அங்கே போனார். மரியாதை அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் மீதிக் கதை.

அலுவலகத்தில் குளிர்சாதனம் உண்டு. சுவரில் முதலுதவிப் பெட்டி உண்டு. பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் பிளாஸ்டிக் உறை போட்டு வைக்கப்பட்டிருந்தது, பொருட்களின் புகைப்படமும் இருந்தது. பொருட்களை வைத்தால் காலாவதி ஆகிவிடுகிறது என்பதால் வைப்பதில்லை. எதிரே கண்ணாடிப் பெட்டியில் பன்னிரண்டு ஜோடி கையுறைகள் விரல்களை விரித்தபடி நின்றன. தணிக்கைக்கு ஆள் வரும்போது மட்டும் அந்தப் பெட்டியைத் திறப்பார்கள்.

ஆவணப் பிரிவு அனுபமா கோயமுத்தூர்ப் பெண், நல்ல பெண். ஆனால் மூன்று வருஷம் படிவம் பார்த்த கண்.

"விபத்துன்னு எழுத முடியாதுங்ணா. விபத்துக்கு வேற கலர் ஃபாரம், அது இங்க ஸ்டாக்கே இல்லீங்க. சார் வரட்டும்."

தலைமைப் பாதுகாப்பு மேலாளர் பக்தவத்சலம் வந்தார். மாரெட்பள்ளியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், முப்பத்தோரு வருஷ சர்வீஸ். கோபமே வராத மனிதர். அவரிடம் இருக்கிற பெரிய ஆபத்தே அதுதான்.

"உட்காருங்க நூர் முகமது. பதட்டப்படக் கூடாது. முதல்ல ஒண்ணு கேக்கறேன். ஊசி முழுசா குத்துச்சா?"

"நுனி குத்திச்சு சார்."

"பாத்தீங்களா. நுனிதான். மீதி ஊசி வெளியிலதான் இருந்திருக்கு. அப்ப பெரும்பாலான ஊசி உங்களைக் குத்தல. இதை நாங்க 'மயிரிழையில் தப்பித்த சம்பவம்'னு சொல்லுவோம். நீங்க தப்பிச்சிருக்கீங்க. வாழ்த்துகள்."

"ரத்தம் வந்துச்சே சார்."

"எவ்வளவு?"

"ரெண்டு சொட்டு."

"நம்ம கையேட்டுல ரத்தக் கசிவுன்னா குறைஞ்சது ஒரு ஸ்பூன். ரெண்டு சொட்டுக்கு நம்மகிட்ட அத்தியாயமே கிடையாது. ஆனாலும் மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கு இல்லையா. அனுபமா, இவருக்குத் தடுப்பூசி நிலவரம் என்ன?"

அனுபமா ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மஞ்சள் காமாலைத் தடுப்பூசி எனக்கு வேண்டாம், இதனால் வரும் விளைவுகளுக்கு நானே பொறுப்பு என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கீழே நூர் முகமதுவின் கையெழுத்து. வேலையில் சேர்ந்த அன்று ஷூ கொடுத்தார்கள், வரிசையில் நின்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். ஷூ வாங்கியதற்கான கையெழுத்து என்று நினைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே காலைப்பொழுதில், ஒரே பேனாவால், தீர ஆலோசித்துத் தடுப்பூசியை மறுத்திருந்தார்கள்.

"தொழிலாளியோட முடிவுல தலையிடறதில்லைன்னு எங்க கொள்கை," என்றார் பக்தவத்சலம். "உங்க சுதந்திரத்தை நாங்க மதிக்கிறோம். சரி, இப்ப முக்கியமான விஷயம். அந்த ஊசி எங்க?"

ஊசியை அங்கேயே போட்டுவிட்டு வந்ததாக நூர் முகமது சொன்னதும், அறையில் முதல்முறையாக ஒரு பரபரப்பு தெரிந்தது. கண்ணாடிப் பெட்டி திறக்கப்பட்டது. மூன்று அதிகாரிகள் ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை, முகக்கவசம், கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டினார்கள். நீண்ட இடுக்கியால் ஊசியை எடுத்து, சிவப்பு டப்பாவில் போட்டு, மூடி, சீல் வைத்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட, குளிர்சாதன அறையில் தனி அலமாரியில் வைத்தார்கள். இடுக்கியைக்கூட மருந்துத் தண்ணீரில் கழுவினார்கள். அதுவரை நூர் முகமதுக்குப் பயமே இல்லை. ஆணி, பிளேடு, உடைந்த கோப்பை என்று அவர் விரல் பார்க்காதது இல்லை. அந்த ஊசியை இவர்கள் நடத்திய விதத்தைப் பார்த்தபிறகுதான் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இத்தனை பேர் இத்தனை உறை போட்டுத் தொடுகிற சாமான் தன் விரலுக்குள் போய் வந்திருக்கிறது.

"சார், அதுல என்ன நோய் இருக்கும்?"

"அதைத்தான் கண்டுபிடிக்கப் போறோம். விதி ரொம்பத் தெளிவா இருக்கு. அந்த ரத்தத்தோட சொந்தக்காரர் வரணும், சோதனைக்குச் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். அப்பறம்தான் உங்க ஃபைல் நகரும். அது வரைக்கும் வெளி டாக்டர்கிட்ட போயிடாதீங்க. போனா இது உங்க சொந்தக் குத்து ஆயிடும், வேலைக்கும் நான் உத்தரவாதம் சொல்ல முடியாது."

செவ்வாய்க்கிழமை ரத்தத்தின் சொந்தக்காரரைத் தேடும் படலம். மூடிப்போன நர்சிங் ஹோமின் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். 'இங்கே எப்போதேனும் ஊசி போட்டுக்கொண்டவர், தம்முடைய ரத்தத்தை அடையாளம் காட்ட, ஆதார் அட்டையின் இரண்டு நகல்களுடன் மூன்று வேலை நாட்களுக்குள் நேரில் வரவும்.' அந்தக் கதவைச் சாயங்காலம் இடிக்கும் குழு கழற்றி லாரியில் ஏற்றியது. அறிவிப்பு முறைப்படி வெளியிடப்பட்டது, எவரும் வரவில்லை என்று அனுபமா கோப்பில் எழுதினாள். அன்று காலையும் நூர் முகமது வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னார். சுற்றிலும் உயர்ந்திருந்த கைகளைப் பார்த்தார். ஒன்றில்கூட உறை இல்லை. அவருடைய ஆட்கள் நான்கு பேர் அதே குழாய்களை அதே விரல்களால் கழற்றப் போனார்கள்.

வீட்டில் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மனைவி செய்யதலி பாத்திமா சாப்பாட்டு நேரத்தில் பிடித்துவிட்டாள். ஊரில் பெரிய தாலத்தில் சோற்றைக் கொட்டிச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கத்தை இந்த வீட்டிலும் விடவில்லை, புருஷன் பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். திங்கட்கிழமையிலிருந்து நூர் முகமது தனித் தட்டு எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார்.

"என்ன மச்சான், தனியா திங்குதிய? பிள்ளைவ கேக்குது."

ஊசிக் கதையை அவர் சொல்லி முடித்தார்.

"ரெண்டு நாளா மருந்து குடுக்கலியா?"

"ஃபாரம் குடுத்திருக்காவ."

"ஃபாரத்தைக் கரைச்சா குடிக்கப்போறிய?" என்று கேட்டாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்த குரல். "நாளைக்கு அவங்க மருந்து குடுக்கலைன்னா நான் பிள்ளைவளக் கூட்டிக்கிட்டு அந்த ஆபீஸ்ல வந்து உக்காருதேன்."

புதன்கிழமை மூன்று மணிக்கு நூர் முகமதுவைப் பாதுகாப்பு அலுவலகம் கூப்பிட்டது. பக்தவத்சலம் அன்போடு தோளில் கை வைத்தார், கையுறை போட்டிருந்தார்.

"நல்ல சேதி. நாளைக்கு விழாவுல இந்த வருஷத்தோட 'பாதுகாப்புச் செம்மல்' விருது உங்களுக்கு. மூணு லிட்டர் குக்கரும் உண்டு. மேடையில குக்கரை வாங்கிட்டு இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து. திங்கட்கிழமை எதுவும் நடக்கலைன்னு, அவ்வளவுதான்."

"நடந்துச்சே சார்."

"நடந்தது நடந்ததுதான். நான் இல்லைங்கல. ஆனா பாருங்க, பலகை பூஜ்யத்துக்குப் போச்சுன்னா யாருக்கு நஷ்டம்? இருநூத்திப் பன்னிரண்டு பேரோட பாதுகாப்பு ஒரே நாள்ல போயிடும். ஆயிரம் நாள் பாதுகாப்பை ரெண்டு சொட்டு ரத்தத்துக்காக இழக்கலாமா?"

இதற்குள் போன் வந்தது. நான்காவது தட்டை மூட வாங்கிய பட்டுத்துணியின் நிறம் பற்றிய அவசரம். அவர் வெளியே போனார். நூர் முகமது நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார். பெரிய சிவப்புச் சொட்டு வரைந்த சுவரொட்டி ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன் அதற்கு ஆணி அடித்தவரும் அவர்தான். முழுக்க ஆங்கிலம்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

அனுபமா கணினியிலிருந்து தலையைத் திருப்பினாள். தினமும் அந்தச் சுவரொட்டிக்குக் கீழேதான் உட்காருகிறாள். "ஊசி குத்தினா என்ன செய்யணும்னு போட்டிருக்குங்ணா. குத்தின இடத்தைப் பிழியக் கூடாது. சோப்புப் போட்டு ஓடற தண்ணில கழுவணும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். யாரோட ரத்தம்னு தெரியலைன்னாலும் காத்திருக்கக் கூடாது. மருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது. எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டினா..."

அவள் அடுத்த வரியை ஒருமுறை தனக்குள் படித்துக்கொண்டாள்.

"தாண்டினா?"

"பிரயோசனம் இல்லீங்ணா." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். "ஐம்பத்து மூணு ஆயிருச்சு."

நூர் முகமதுக்கு மூன்று நாளாக இருந்த குழப்பம் அந்த நிமிஷத்தில் தீர்ந்தது. தலையைச் சொறிந்துகொண்டிருந்த மனிதர் எழுந்து நின்றார். உண்மையைச் சொன்னால் அவருக்கு வந்தது பயம் அல்ல, அசல் கோபம்.

"வெளிய போக கேட் பாஸ் வேணும்மா."

"சார்தாங்க கையெழுத்துப் போடணும்," என்றாள் அனுபமா வழக்கப்படி. பிறகு சுவரொட்டியை இன்னொரு தடவை பார்த்தாள். பாஸ் புத்தகத்தை இழுத்துத் தன் கையெழுத்தைப் போட்டுக் கிழித்துக் கொடுத்தாள். "போங்கண்ணா. ஓடுங்க."

இர்பானின் ஸ்கூட்டர் எந்தச் சிக்னலையும் மதித்ததாகத் தெரியவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் அரை மணி நேர வரிசை. அதற்குப் பிறகு ஒரு சிஸ்டர், கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு, தெலுங்கில் ஒரே கேள்வி கேட்டார்.

"எப்புடு குச்சுகுந்தி?"

எப்போது குத்தியது. மூன்று நாளில் இவ்வளவு சின்னக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "சோமவாரம்," என்றார் நூர் முகமது. சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். ரெண்டு நாள் என்ன செய்தாய் ஐயா என்று கத்தினார். ஃபாரம் எழுதினேன் என்று பதில் சொல்ல நூர் முகமதுக்கு வெட்கமாக இருந்தது. ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி போட்டார்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க மாத்திரை கொடுத்து, முதல் மாத்திரையைச் சிஸ்டர் தன் கண் முன்னாலேயே விழுங்கச் சொன்னார். தினம் ஒன்று, இருபத்தெட்டு நாள், ஒரு நாள் தவறக் கூடாது. ஆறு வாரத்தில் ஒரு சோதனை, மூன்று மாதத்தில் ஒன்று. நோய் வந்திருக்கும் வாய்ப்பு குறைவுதான், ஆனால் சீக்கிரம் வந்திருந்தால் இன்னும் நிம்மதியாகச் சொல்லியிருப்பேன் என்றார். ஒரே தட்டில் சாப்பிடலாமா என்று நூர் முகமது தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாகச் சாப்பிடு, சாப்பாட்டில் அது பரவாது என்று சிஸ்டர் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலம் தாலத்தைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தார்கள். சின்னவளுக்கு அவரே பிசைந்து ஊட்டினார்.

வியாழக்கிழமை பந்தல், மாலை, மைக். டெல்லி இயக்குநர் பட்டுத்துணியை இழுத்தார். '1' வெளிப்பட்டது. பலகை 1000 ஆனது. எல்லாரும் கைதட்டினார்கள். பக்தவத்சலம் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஆயிரம் நாளில் எங்கள் பதிவேட்டில் ஒரு சொட்டு ரத்தம்கூடச் சிந்தியதில்லை. எங்கள் கையுறைகளைப் பாருங்கள், மூன்று ஆண்டுகளாகியும் புத்தம் புதிதாக இருக்கின்றன. எங்களிடம் தடுப்பூசி மிச்சம், மருந்து மிச்சம், முதலுதவிப் பொருள் மிச்சம். இதைவிடப் பாதுகாப்புக்கு என்ன சான்று வேண்டும்? ஒரு தொழிலாளிக்கு ஆபத்து வந்தால் அந்த ஆபத்தை எப்படிப் பத்திரமாகப் பாதுகாப்பது என்று இந்த வாரம் நாங்கள் உலகுக்கே காட்டியிருக்கிறோம்."

பிறகு பாதுகாப்புச் செம்மல் நூர் முகமது மேடைக்கு அழைக்கப்பட்டார். குக்கரைக் கொடுத்தார்கள். தாளையும் பேனாவையும் நீட்டினார்கள். அவர் குக்கரை மேஜையில் வைத்தார், தாளைக் குக்கருக்குள் போட்டு மூடினார். மேடையிலிருந்து இறங்கிப் பலகைக்குப் போனார். கொக்கி அடித்தவருக்குக் கழற்றத் தெரியாதா. இடது ஓரத்து '1' கையோடு வந்தது. பலகையில் 000 நின்றது.

"ஏமண்டி, என்ன பண்றீங்க?" என்றார் பக்தவத்சலம். முப்பத்தோரு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான்.

"திங்கக்கெழமை பத்து மணிக்கு ஊசி குத்திச்சு," என்றார் நூர் முகமது, மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கும்படி. "இந்த விரல்ல. நேத்து சாயங்காலம்தான் மருந்து கிடைச்சுது, அதுவும் இவங்க குடுக்கல. ஊசிக்கு ஏ.சி. ரூம் குடுத்தாவ. எனக்குக் குக்கர் குடுக்காவ." பிறகு கடைசித் தட்டைத் திருப்பினார். பலகை 001 ஆனது. "நேத்து ஒரு மாத்திரை முழுங்கிட்டேன். இனி தினம் நான்தான் இதைத் திருப்புவேன்."

இர்பான் அதை உருதுவிலும் தெலுங்கிலும் உரக்கச் சொன்னான். பந்தலில் முணுமுணுப்பு ஓடியது. நிலைமையைச் சமாளிக்க ஒரு அதிகாரி உறுதிமொழி ஆரம்பியுங்கள் என்று கையைக் காட்டினார். ஒலிபெருக்கியில் ஹிந்தி முழங்கியது. மேடையில் ஏழு கைகள் உயர்ந்தன. கீழே ஒன்றுகூட உயரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"கை தூக்குங்கப்பா," என்று கெஞ்சினார் பக்தவத்சலம்.

"நக்கோ சார், மாட்டோம்," என்றான் இர்பான். "கையுறை குடுங்க, தூக்கறோம். ஊசி போடுங்க, தூக்கறோம். அது வரைக்கும் அந்தக் குழாய்ல யாரும் கை விட மாட்டோம்."

இயக்குநர் விசாரித்தார். அனுபமா இருநூற்றுப் பன்னிரண்டு மறுப்புத் தாள்களை அவருக்கு முன்னால் அடுக்கி வைத்தாள். எல்லாம் ஒரே பேனா என்பதை டெல்லிக் கண்ணும் கண்டுபிடித்துவிட்டது. அவர் நல்லவரா என்பது எனக்குத் தெரியாது. போட்டோ பிடிக்க நாலு பேர் செல்போனைத் தூக்கி நின்றார்கள் என்பது தெரியும். திங்கட்கிழமை தடுப்பூசி முகாம் வந்தது. தடிமனான கையுறைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. சுவரொட்டியை அனுபமா ஐந்து மொழிகளில் எழுதிக் கழிப்பறை வாசலில்கூட ஒட்டினாள். அனுமதியில்லாமல் கேட் பாஸில் கையெழுத்திட்டதற்காக அவளுக்கு ஒரு மெமோ வந்தது, அதையும் பக்கத்திலேயே ஒட்டினாள்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு நூர் முகமது பலகைக்கு முன் நின்று, முந்தின நாள் சாயங்காலம் விழுங்கிய மாத்திரைக்கு ஒரு எண் என்று தட்டைத் திருப்பினார். 028 வந்த அன்று பக்தவத்சலம் பக்கத்தில் வந்து நின்றார். இருபத்தெட்டு நாள் விபத்தில்லாமல் ஓட்டியதற்கு டெல்லியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. அதைக் காட்டினார்.

"மாத்திரை முடிஞ்சுதில்ல நூர் முகமது? இனி பலகையை ஆபீஸ் பாத்துக்கும். அந்த '1' தட்டையும் ஸ்டோர்ல ஒப்படைச்சிடுங்க. கணக்குல இருக்கு."

"மாத்திரைதான் முடிஞ்சிருக்கு. மூணு மாசத்துச் சோதனை பாக்கி இருக்கு சார்," என்றார் நூர் முகமது. "தட்டு என் பையில பத்திரமா இருக்கு. நெசமா ஆயிரம் வரட்டும், நானே மாட்டித் தாரேன்."

கையுறையை மாட்டிக்கொண்டு குழாயைக் கழற்றப் போனார்.